கம்பியின் செதிலும் துருவும்

கும்மிடிப்பூண்டி சிப்காட் உருட்டாலைகளில் செக்கச்செவேலென்று வெளியே வரும் கம்பி ஆறும்போது, மேலே கருநீலச் செதில் படியும். மழையில் கிடந்த கம்பியிலோ செம்பழுப்புத் துரு. இரண்டுமே இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்தவை. பிறகு ஏன் இந்த நிறபேதம்?

இரும்பு அணுவில் 26 புரோட்டான், 26 எலக்ட்ரான். இரண்டு எலக்ட்ரானை இழந்தால் ஓர் அயனி, மூன்றை இழந்தால் வேறோர் அயனி. புரோட்டான் 26 குறையாததால் இரண்டும் இரும்புதான். துருவில் இருப்பது மூன்றை இழந்தது. செதிலில் இரண்டு வகையும் உண்டு; நிறபேதம் இதனால்தான்.

பழைய பாடப்புத்தகங்கள் இவற்றைப் பெரஸ், பெரிக் என்றன. எது இரண்டு, எது மூன்று? பெயரைக் கேட்டால் தெரியாது, மனப்பாடம்தான் செய்ய வேண்டும். 1919-இல் ஜெர்மானிய வேதியியலர் ஆல்பிரட் ஸ்டாக், அந்த எண்ணையே பெயரில் சேர்க்கச் சொன்னார்.

செதிலை நீக்க ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கம்பியை முக்குவார்கள். தொட்டியில் சேர்வது, ஸ்டாக் முறைப்படி சொன்னால், பெரும்பாலும் இரும்பு இரண்டு குளோரைடு, வெளிர்பச்சை. குளோரின் ஏற்றினால் அதிலுள்ள இரும்பு இன்னோர் எலக்ட்ரானை இழக்க, அது இரும்பு மூன்று குளோரைடாகும். கலங்கிய கழிவுநீரில் அதைக் கலந்தால் அழுக்கு திரண்டு அடியில் தங்கும்.