நிலைத்த உத்தியோகமும் தனித் தொழிலும்

குறிகட்டுவான் இறங்குதுறையிலே காலை வேளையில் நிற்பவர்கள் ஒரு காட்சியைத் தவறாமற் காண்பர். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்லும் படகுகளிலே ஆசிரியர்களும், பிரதேச செயலக அலுவலரும், வைத்தியசாலைத் தாதியரும் கையிற் குடையும் உணவுப் பொதியுமாக ஏறுவர். பதிவேட்டிற் கையொப்பமிடும் நேரத்துக்குள் அக்கரை சேர வேண்டுமென்பது அவர்களுடைய கவலை. கடல் கொந்தளிக்கும் காலத்தில் அக்கவலை இருமடங்காகும். எனினும் மாதம் முடிந்தால் சம்பளம் உண்டு. வயது முதிர்ந்தால் ஓய்வூதியம் உண்டு.

அதே வேளையில் வேலணையிலோ ஊர்காவற்றுறையிலோ ஒரு வீட்டு விறாந்தையிலே இளைஞன் ஒருவன் மடிக்கணினியின் முன் அமர்ந்திருக்கின்றான். கொழும்பிலே ஒரு மென்பொருள் நிறுவனத்தில் நிரந்தர ஊழியனாக இருந்தவன். அதனைத் துறந்து, இப்போது லண்டனிலும் ஒஸ்லோவிலும் உள்ள நிறுவனங்களுக்கு ஒப்பந்த அடிப்படையிற் பணி செய்கின்றான். மேலதிகாரி இல்லை, சம்பளச் சீட்டும் இல்லை. “தம்பி வேலையை விட்டிட்டு வீட்டிலை நிக்கிறானாம்” என்று அயலார் பேசிக்கொள்கின்றனர். தந்தையார் கோயிலடிக்குப் போவதைக்கூடக் குறைத்துக்கொள்கின்றார். இத்தகைய இளைஞர்கள் இப்பொழுது தீவகத்திலும் ஆங்காங்கே காணப்படுகின்றனர். அவர்கள் செய்தது துணிவா, துடுக்கா?

தந்தையாரின் மனவருத்தத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொட்டு யாழ்ப்பாணத்தவர் பலர் மலாயாவுக்குச் சென்று புகையிரதப் பகுதியிலும் கந்தோர்களிலும் இலிகிதர்களாக அமர்ந்தனர். ஓய்வு பெற்று ஊர் திரும்பிய ‘மலாயன் பென்சனியர்’ கல்வீடு கட்டினார், கிணறு வெட்டினார், ஊர்க் கூட்டங்களிலே தலைமை வகித்தார். கடல் கடந்து பணம் வருவது அன்றைக்கே பழகிய செய்திதான். ஆனால் அது நிலைத்த உத்தியோகத்தின் கூலியாக வந்தது. ‘கோறணமேந்து உத்தியோகம்’ என்னும் சொல்லுக்கு ஒரு மந்திர சக்தி உண்டாயிற்று. கலியாணப் பேச்சிலே மாப்பிள்ளையின் குணத்தை விசாரிக்கு முன்பே உத்தியோகத்தை விசாரிக்கும் வழக்கம் இன்றும் மறைந்துவிடவில்லை.

ஆயின் அந்த நிரந்தரம் எவ்வளவு நிரந்தரமானது? 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் வந்தபின் அரசாங்க சேவையிலிருந்த தமிழர் பலர் சிங்களப் பரீட்சையிற் சித்தியெய்த வேண்டியவராயினர். எய்தாதவருக்குச் சம்பள உயர்வு நின்றது. கேகாலைக் கச்சேரியில் இலிகிதராகவிருந்த கோடீஸ்வரன் என்பார் 1962இல் தமக்கு மறுக்கப்பட்ட உயர்வுக்காக வழக்குத் தொடுத்தார். மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. உயர் நீதிமன்றமோ, சம்பளத்துக்காக முடிக்குரிய அரசின் மீது ஊழியர் வழக்காட முடியாது என்றது. அத்தீர்ப்பை லண்டன் பிரிவிக் கவுன்சில் 1969இலேதான் மாற்றியது. சம்பளம் கேட்கும் உரிமை உண்டா என்று அறிவதற்கே ஏழாண்டுகள்! பென்சன் உத்தியோகத்தைக் கண்கண்ட தெய்வமாகக் கொண்ட குடும்பங்கள் இவ்வரலாற்றையும் நினைவிற் கொள்ளுதல் தகும்.

அண்மையில் நேர்ந்த அதிர்ச்சி வேறு வகையானது. 2022இல் இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதெனக் கூறியது. அவ்வாண்டு மார்ச்சு மாதத் தொடக்கத்திலே ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. செப்டெம்பரில் கொழும்பு விலைவாசி முந்திய ஆண்டைக் காட்டிலும் ஏறத்தாழ எழுபது வீதம் உயர்ந்திருந்தது. சம்பளம் தவறாமல் வந்தது. ஆனால் அது கொள்ளும் அரிசி குறைந்துவிட்டது. வெளிநாடு சென்று உழைப்பதற்காக அரசாங்க ஊழியருக்கு ஐந்தாண்டு வரை சம்பளமற்ற விடுமுறை வழங்க அரசே அவ்வாண்டு முன்வந்தது. கணினி கற்றவர்கள் பலர் அப்போதுதான் டொலரில் ஊதியம் தரும் ஒப்பந்த வேலையை நாடினர். டொலரும் ஏறிய இடத்திலே நிற்பதில்லை. 2024இல் அது 300 ரூபா அளவிற்கு இறங்கியபோது, 360 ரூபாக் கணக்கிலே வீடு கட்டத் தொடங்கியவர்கள் சுவரோடு நிறுத்த வேண்டியதாயிற்று.

இனி, கணக்குக்கு வருவோம். தனித் தொழிலில் இறங்குபவர் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். மாதம் இரண்டு இலட்சம் ரூபாச் சம்பளம் பெற்ற ஒருவரை எடுத்துக்கொள்வோம். அதனை இருபத்திரண்டு வேலை நாளாற் பிரித்து, நாளொன்றுக்கு ஒன்பதாயிரம் என்று விலை கூறுகின்றார். பத்தாயிரம் கிடைத்தால் இலாபமென்று மகிழ்கின்றார். உண்மை வேறு.

ஆண்டுச் சம்பளம் 24 இலட்சம். 1958ஆம் ஆண்டின் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி செலுத்துவது நூற்றுக்குப் பன்னிரண்டு. ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு மூன்று. இவ்விரண்டும் சேர்ந்து 3 இலட்சத்து 60 ஆயிரம். ஐந்தாண்டு சேவைக்குப்பின் உரித்தாகும் பணிக்கொடை ஆண்டொன்றுக்கு அரைமாதச் சம்பளம், அதாவது ஒரு இலட்சம். கணினி, இணையம், மின்சாரம் ஆகியவற்றுக்கு ஆண்டுக்கு 2 இலட்சத்து 40 ஆயிரம் என வைப்போம். ஆக 31 இலட்சம். நிறுவனம் அவருக்காகச் செலவிட்ட தொகை இதுவே.

வேலை நாட்களையும் பார்க்க வேண்டும். ஆண்டிலே சனி ஞாயிறு நீங்கலாக 261 நாள். போயா முதலிய விடுமுறைகள் வார நாட்களில் இருபது விழுமெனக் கொண்டால் மீதி 241. கடை, காரியாலய ஊழியருக்கான 1954ஆம் ஆண்டுச் சட்டம் வருடாந்த விடுமுறையாகப் பதினான்கும் அமைய விடுமுறையாக ஏழும் அளித்தது. தனித் தொழிலாளிக்கும் காய்ச்சல் வரும், தங்கைக்குக் கலியாணம் வரும். எஞ்சுவது 220. ஓர் ஒப்பந்தம் முடிந்து மற்றொன்று கிடைக்கும் வரை காத்திருப்பது, விலை எழுதுவது, கணக்கு வைப்பது, புதியது கற்பது என்று ஐம்பது நாளாவது கூலியின்றிக் கழியும். இருப்பது 170 நாள். 31 இலட்சத்தை 170ஆற் பிரித்தால் நாளொன்றுக்குப் பதினெண்ணாயிரத்துக்கு மேல் வருகின்றது. அவர் முதலிற் கேட்ட விலையைப் போல் இது இரண்டு மடங்கு! ஒன்பதாயிரத்துக்கு உழைப்பவர் உத்தியோகத்திலிருந்ததைவிட ஏழையாகின்றார். ஆனால் கையிற் காசு புழங்குவதால் ஓரிரு ஆண்டுகளுக்கு அதனை உணர்வதில்லை.

இந்தக் கணக்குத் தீவகத்துக்குப் புதியதன்று. கடலுக்குப் போய் மீண்டவர்கள் பிடிபட்டதைப் பங்கிடும்போது படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு என்று ஒதுக்கிய பின்னரே ஆட்களுக்குப் பங்கு பிரிப்பர். படகின் பங்கை உண்டவன் அடுத்த பருவத்திலே கரையில் நிற்பான். புங்குடுதீவிலிருந்தும் வேலணையிலிருந்தும் சென்று தென்னிலங்கை நகரங்களிலே கடை வைத்தவர்களும், வரவு வேறு முதல் வேறு என்று இரண்டு ஏடுகளில் எழுதியவர்களே. 1958இலும் 1977இலும் 1983இலும் கலவரங்களிலே கடைகளை இழந்து வந்தவர்களுக்குப் பென்சன் கொடுக்க யாருமில்லை. தந்தையாருக்கு மகனுடைய மென்பொருள் விளங்காமற் போகலாம். ஆனால் இந்த ஏட்டை அவர் அறிவார். விறாந்தையிலே இருவரும் பேசத் தொடங்க வேண்டிய இடம் அதுவாக இருக்கலாம்.

வரியையும் மறத்தலாகாது. கணினிச் சேவையை வெளிநாட்டுக்கு விற்று, அந்நியச் செலாவணியாக வங்கி மூலம் பெறும் வருமானத்துக்கு 2025 மார்ச்சு முடியும் வரை வரிவிலக்கு இருந்தது. ஏப்ரல் முதலாந் திகதியிலிருந்து உச்சமாகப் பதினைந்து வீத வரி விதிக்கப்பட்டுள்ளது; ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரை விலக்களிக்கப்படுகின்றது. சம்பளக்காரரின் வரியை முதலாளி கழித்துச் செலுத்திவிடுவார். தனித் தொழிலாளியோ காலாண்டுத் தவணைகளிலே தாமே செலுத்த வேண்டும். படகின் பங்கோடு அரசின் பங்கையும் பணம் வந்த அன்றே வேறாக வைத்துவிடுவது நலம். முதுமைக்கென, சுயதொழில் செய்வோருக்காக 1996ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த சமூகப் பாதுகாப்புச் சபையின் ஓய்வூதியத் திட்டமும் உண்டு.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். ஒரு பகுதி முற்பணமாக வர வேண்டும். ஒரே நிறுவனத்துக்கு, அது குறித்த நேரத்தில், அதன் கட்டளைப்படி ஆண்டுக்கணக்கில் உழைப்பவர் பெயரளவிலேதான் தனித் தொழிலாளி. பிரித்தானியாவிலே இத்தகையோரை ஊழியராகவே கருதி வரி அறவிடும் விதி 2000ஆம் ஆண்டில் வந்தது. தனியார் துறையின் நடுத்தர, பெரிய நிறுவனங்களே அந்நிலையை நிர்ணயிக்க வேண்டுமென 2021 ஏப்ரலில் அது இறுக்கப்பட்டது. லண்டனில் வாழும் தீவக உறவினர் சிலர் இதனை அனுபவத்தில் அறிவர். ஒல்லாந்தர் தம் நாட்டு நகரங்களின் பெயர்களை இத்தீவுகளுக்குச் சூட்டினர்: நயினாதீவு ஹார்லெம், புங்குடுதீவு மிடில்பேர்க், வேலணைத் தீவு லெய்டன், நெடுந்தீவு டெல்ஃப்ட். இன்று அந்த டெல்ஃப்ட் நகரத்திலிருந்து இந்த டெல்ஃப்ட்டுக்கு வேலை வருமாயின் வியப்பில்லை; ஆனால் வேலை வருவதற்கு மின்சாரம் நிலைக்க வேண்டும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் டீசல் இயந்திரங்களை நம்பியிருந்தவை. அங்கு சூரிய சக்தி 1,700 கிலோவாற்றும் காற்று 530 கிலோவாற்றும் கொண்ட கலப்பு மின்திட்டத்துக்கு இந்திய நன்கொடையுடன் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. பாலங்களால் இணைந்த வேலணைக்கும் கடல் நடுவேயுள்ள நெடுந்தீவுக்கும் உள்ள வேறுபாட்டை, விலை கூறுமுன் அங்குள்ள இளைஞர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

உத்தியோகத்தை விடும் நாளையும் ஆராய்ந்தே குறிக்க வேண்டும். அரசாங்க ஊழியர் உரிய சேவைக்காலம் நிறையுமுன் ராஜினாமாச் செய்தால் ஓய்வூதிய உரிமையை இழக்கின்றார். தனியார் நிறுவனத்திலே பணிக்கொடைக்கு ஐந்தாண்டு நிறைய வேண்டும். நாலாண்டும் பத்து மாதமும் முடித்தவர் ஒருவர், முதல் ஒப்பந்தம் கிடைத்த மகிழ்ச்சியில் கடிதம் எழுதிவிட்டால் இரண்டரை மாதச் சம்பளம் அங்கேயே நின்றுவிடும். ஆறு மாத வீட்டுச் செலவு வங்கியில் சேர்ந்திருக்கின்றதா என்று பார்த்து, அந்த இரண்டு மாதமும் பொறுத்திருந்து, மாலை வேளையிலே புதிய வேலையைச் சிறிதாகத் தொடங்கிப் பழகியபின் கடிதத்தைக் கொடுக்கலாம்.