வீட்டைப் பூட்டலாம், நிலத்தைப் பூட்டலாகாது

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



போர்த்துக்கல் என்னும் தேசத்தின் பெயரைக் கேட்டதும் நம்மவர்க்கு நினைவில் வருவது, 1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண இராச்சியம் வீழ்ந்த கதையே. 1658இல் போர்த்துக்கேயர் இங்கிருந்து அகற்றப்பட்டனர். ஆயினும் அவர்கள் விட்டுச்சென்ற சொற்கள் இன்றும் நம் வீடுகளில் வாழ்கின்றன. யன்னலைத் திறக்கிறோம், அலுமாரியைப் பூட்டுகிறோம், குசினியிற் சமைக்கிறோம். இம்மூன்று சொற்களும் அவர்கள் மொழியிலிருந்து வந்தவை. நமக்கு வீட்டுச் சொற்களைத் தந்த அந்நாட்டார், இன்று தம் நாட்டுக் கிராமங்களிற் பூட்டிக் கிடக்கும் வீடுகளைப் பற்றியும், அவற்றைச் சூழ்ந்த காணிகளைப் பற்றியும் பெருங்கவலை கொண்டிருக்கின்றனர். அந்தக் கவலையை உங்கள் முன் வைக்கவே இன்று நான் எழுந்து நிற்கிறேன்.

போர்த்துக்கலின் நடுப்பகுதி மலைப்பாங்கானது. காணிகள் சிறு துண்டுகள். தகப்பனின் காணியைப் பிள்ளைகள் பங்கிட, பிள்ளைகளின் பங்கைப் பேரர்கள் பங்கிட, இன்று ஒருவருக்கு ஒலிவ மரம் பத்து நிற்கும் துண்டு ஒன்று இங்கே, பைன் மரம் நிற்கும் துண்டு ஒன்று அங்கே என்று சிதறிக் கிடக்கின்றன. 1960ஆம் ஆண்டுகளில் வறுமைக்கும், ஆபிரிக்காவில் நடந்த யுத்தத்துக்கு ஆட்சேர்க்கப்படுவதற்கும் அஞ்சி இலட்சக்கணக்கானோர் பிரான்சு முதலிய தேசங்களுக்குப் போயினர். அங்கே உழைத்த பணத்தில் தம் ஊரிலே நல்ல வீடு கட்டினர். ஓகஸ்ட் மாதத்திற் குடும்பத்தோடு வந்து திறப்பர். பின்னர் அடுத்த ஓகஸ்ட் வரையிற் பூட்டுத்தான். அண்மைக் காலத்தில் ஆங்கிலேயரும் ஒல்லாந்தரும் யேர்மானியரும் அங்குள்ள பழைய கல்வீடுகளைச் சுற்றியுள்ள ஒலிவந் தோப்போடும் காட்டுத் துண்டோடும் வாங்கி, விடுமுறை வீடாக வைத்திருக்கின்றனர்.

வீடு பூட்டிக் கிடந்தால் அதிகம் கெடுவதில்லை. நிலத்தின் கதை வேறு. முன்னாளில் அந்த மலைகளில் ஆடுகள் மேய்ந்தன. கமக்காரர் பற்றைகளை வெட்டி மாட்டுத் தொழுவத்திற் பரப்பி, பின் அதனை எருவாக்கி வயலுக்கு இட்டனர். விறகுக்காகச் சுள்ளி பொறுக்கினர். ஒருவரும் ‘தீத்தடுப்பு’ என்று சொல்லிச் செய்யவில்லை. வாழ்க்கைக்காகச் செய்த வேலையே தீயைத் தடுத்து நின்றது. ஊர் வெறுமையானதும் பற்றை ஆளுயரம் வளர்ந்தது. விட்ட இடங்களிற் பைனும், கடதாசி ஆலைகளுக்காக யூக்கலிப்டசும் நாட்டப்பட்டன. அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த யூக்கலிப்டஸ் இன்று அந்நாட்டுக் காடுகளிற் காற்பங்கு அளவு நிற்கிறது. அதன் இலையில் எண்ணெய் உண்டு. அதன் உரிபட்டை தீப்பற்றிக் காற்றிலே பறந்து, தொலைவிற் போய் விழுந்து புதுத் தீயை மூட்டும்.

2017ஆம் ஆண்டு யூன் 17ஆம் நாள், பெட்ரோகாவோ கிராண்டே என்னும் பிரதேசத்தில் மூண்ட தீயில் 66 பேர் மாண்டனர். அவர்களுட் பலர் மோட்டார் வண்டிகளில் ஏறித் தப்ப முயன்று வீதியிலேயே அகப்பட்டவர்கள், குழந்தைகளும் இருந்தனர். அதே ஆண்டு ஒக்டோபரில் மீண்டும் தீ எழுந்து, மேலும் ஐம்பது பேரளவில் மாண்டனர். ஓராண்டில் நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள்! வெயிலும் காற்றும் காரணந்தான். ஆனால் பேணாத காணியில் ஆண்டாண்டாகச் சேர்ந்த பற்றையே அந்தத் தீக்குத் தீனியாயிற்று.

சட்டம் இல்லாமல் இல்லை. வீட்டைச் சுற்றி 50 மீற்றர் தூரத்துக்குப் பற்றைகளை அகற்ற வேண்டும் என்று 2006ஆம் ஆண்டிலேயே விதித்திருந்தனர். அவ்விதியைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தியது 2018இலேதான். வழமையாக ஏப்ரல் மாத முடிவுக்குள் வேலை முடிய வேண்டும். மழைமிகுந்த ஆண்டுகளிற் தவணை நீட்டுவதுண்டு. செய்யாதவர்க்குத் தண்டப்பணம் உண்டு. நகரசபை தானே ஆள்விட்டு வெட்டுவித்து, செலவைக் காணிக்காரரிடம் அறவிடவும் செய்யலாம்.

இப்படிப்பட்ட விடுமுறை வீட்டை வைத்திருப்பவர் ஆண்டு முழுவதும் செய்ய வேண்டியவை யாவை? மாரி முடியும் வேளையில் ஒலிவ மரங்களைக் கவ்வாத்துப் பண்ண வேண்டும். வெட்டிய கிளைகளை எரிப்பதானால் முன்கூட்டி அறிவித்து, ஈரமான நாளில் எரிக்க வேண்டும். வசந்தத்திற் புல் வெட்ட வேண்டும். மிக முந்தி வெட்டினால் அடுத்த மழைக்கு மறுபடி வளர்ந்துவிடும். பிந்தினால் காய்ந்து சருகாகும். கோடையிலோ, அபாய நாட்களிற் புல்வெட்டும் இயந்திரத்தைத் தொடவும் கூடாது. அதன் இரும்புத் தகடு கல்லிற் பட்டுத் தெறிக்கும் பொறி ஒன்றே ஒரு மலையை எரிக்கப் போதும். ஒக்டோபர் தொடங்கி ஒலிவம் பறிக்கும் காலம். மரத்தின்கீழ் வலை விரித்து, காயைத் தட்டி வீழ்த்தி, தாமதியாமல் ஊர்ச் செக்காலைக்குக் கொண்டு சென்றால் வீட்டுக்கு எண்ணெய் கிடைக்கும்.

தோப்பிலே போத்தல் மூடும் தக்கையைத் தரும் மரமும் நிற்கலாம். அதனை அனுமதியின்றித் தறிக்கக் கூடாது. அதன் பட்டையை ஒன்பது ஆண்டுகளுக்கு ஒரு முறையே உரிப்பர். உரித்த ஆண்டின் கடைசி இலக்கத்தை அடிமரத்தில் வெள்ளைப் பூச்சால் எழுதி வைப்பர். தக்கை மரத்தை நாட்டுபவனுக்கு நல்ல பட்டை கிடைக்க நாற்பது ஆண்டுக்கு மேலாகும். தன் பிள்ளைக்காக அன்றி வேறு எதற்காக ஒருவன் அதனை நாட்டுவான்?

அச்சத்தாற் பிழை செய்தவர்களும் உண்டு. தண்டப்பணத்துக்குப் பயந்து 2018இற் பலர் பழமரங்களையும் தறித்து, நிலத்தை மொட்டையாக்கினர். பேணப்படும் தோட்டத்தையும் பழமரத்தையும் அழிக்கத் தேவையில்லை என்று அரசினர் விளக்க வேண்டியதாயிற்று. மலைச்சரிவை மொட்டையாக்கினால், தீக்குத் தப்பிய மண் மாரி மழையிற் கழுவுண்டு போகும். பேணுதல் வேறு, அழித்தல் வேறு.

இவற்றையெல்லாம் தூர தேசத்திலிருப்பவர் செய்வது எப்படி? மூன்று வழிகள் சொல்லலாம். முதலாவது, எல்லையை அறிதல். உறுதியிற் காணி இருக்கும். நிலத்திலே எல்லை தெரியாது. ஆகவே 2017 முதல் அந்நாட்டில் உரிமையாளர் தம் எல்லைகளைப் படத்திற் குறித்துப் பதிவதற்கு ஏற்பாடு செய்திருக்கின்றனர். இரண்டாவது, அயலவரோடு உடன்படிக்கை. ஆடு வளர்ப்பவர்க்கு மேய்ச்சலுக்கு விடலாம். ஒலிவந் தோப்பை வாரத்துக்குக் கொடுத்து எண்ணெயிற் பங்கு பெறலாம். எழுத்தில் இருந்தால் மனத்தாங்கல் வராது. மூன்றாவது, ஆண்டில் ஒரு முறையேனும் வசந்த காலத்தில் நேரில் வந்து காணியை நடந்து பார்த்தல். ஓகஸ்டில் வந்து காய்ந்த பற்றையைக் கண்டு வருந்துவதாற் பயனில்லை. அப்போது வெட்டவும் முடியாது.

அன்பர்களே, பிறர் நாட்டுக் கதையை ஏன் சொல்கிறேன் என்று சிலர் எண்ணலாம். 1983க்குப் பின் நம் ஊர்களிலிருந்து புறப்பட்டவர் எத்தனை பேர்! அவர்கள் கோடை விடுமுறையில் வந்து திறக்கும் வீடுகள் நம் ஒழுங்கைதோறும் இருக்கின்றன. நமது நிலத்தில் அத்தகைய காட்டுத்தீ எழுவதில்லை. ஆனால் பூட்டிய படலைக்குப் பின்னால் பார்த்தீனியம் பூத்து அயற்தோட்டத்துக்கு விதை அனுப்புகிறது. பாவியாத தொட்டியிலும் சிரட்டையிலும் தங்கிய நீரில் டெங்கு நுளம்பு பெருகி, அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கடிக்கிறது. காணிக்காரர் கனடாவில் இருக்கிறார். காய்ச்சலில் கிடப்பவர் இங்கே இருக்கிறார். தீயானால் என்ன, காய்ச்சலானால் என்ன, விட்டவரின் குற்றத்துக்கு இருப்பவர் தண்டனை பெறுகிறார்.

வெளிநாட்டிலுள்ள உறவினர்மீது கோபித்து ஆவதொன்றில்லை. அவர்களிற் பலர் விரும்பிப் போனவர்களல்லர். இச்சங்கத்து வாலிபர்கள் ஒரு காரியம் செய்யலாம். நம் ஊரிற் பூட்டிக் கிடக்கும் காணிகளை ஒரு கொப்பியில் வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொரு சொந்தக்காரர்க்கும் ஒரு கடிதம் வரைந்து சம்மதம் கேளுங்கள். சம்மதம் கிடைத்த காணியை மாரிக்கு முன் ஒருமுறை, மாரிக்குப் பின் ஒருமுறை சிரமதானமாகத் துப்புரவு செய்யுங்கள். பெரியவர்களே, எந்தக் காணி யாருடையது, எல்லைப் பூவரசு எங்கே நின்றது என்பதெல்லாம் உங்கள் நினைவில் மாத்திரமே இருக்கிறது. அந்நினைவை இப்பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

திறப்பு எந்தத் தேசத்திலும் இருக்கலாம். நிலம் இருக்கும் இடத்தில் ஒரு கை இருக்க வேண்டும். அந்தக் கை நம்முடையதாகட்டும்.