நன்னடத்தை அலுவலரின் கடமை என்ன?
(வல்லக்கோட்டை பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



போலீசை நமக்குத் தெரியும். கோர்ட்டும் சிறையும் தெரியும். நன்னடத்தை அலுவலர் என்று ஒருவர் இருப்பது மட்டும் நம்மில் பலருக்குத் தெரியாது. தெரியாததால் நஷ்டப்படுவது ஏழைதான்.

1841 இல் அமெரிக்காவின் போஸ்டன் நகரில் ஜான் அகஸ்டஸ் என்ற செருப்புத் தைப்பவர், குடித்த குற்றத்துக்காகக் கோர்ட்டில் நின்ற ஒருவனை ஜாமீனில் எடுத்துத் திருத்திக் காட்டினார். பின்னர் ஏறத்தாழ 2000 பேருக்குப் பிணை நின்றார். அந்த வழிதான் பிறகு பல நாடுகளில் சட்டமாயிற்று.

நமது நாட்டில் 1958 ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் இருக்கிறது. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றமாக இல்லாவிட்டால், சிறைக்கு அனுப்பாமல், 3 ஆண்டு வரை ஒழுங்காக நடப்பதாகப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு கோர்ட் விடலாம். 21 வயதுக்குட்பட்டவர் என்றால், அலுவலரின் அறிக்கையைக் கேட்டுப் பார்க்காமல், காரணம் எழுதாமல் சிறைக்கு அனுப்பக்கூடாது.

அலுவலரின் வேலை என்ன? குடும்ப நிலையை விசாரித்துக் கோர்ட்டுக்குச் சொல்வது, விடப்பட்டவரை மேற்பார்ப்பது, தேவைப்பட்டால் வேலை தேடித் தர முயல்வது, நஷ்டஈடு கட்ட உதவுவது. 14 ஆவது பிரிவு சொல்வது இது. யாரும் போடும் பிச்சை அல்ல!

பரோலிலும் அவருக்கு வேலை உண்டு. தமிழ்நாட்டில் 1982 ஆம் ஆண்டு விதிகளின்படி கைதி விடுப்புக் கேட்டால், அவருடைய அறிக்கை கேட்கப்படுகிறது. ஆனால் விடுப்பு எளிதில் கிடைக்கிறதா? வேலூர்ச் சிறையிலிருந்த நளினி, மகள் கல்யாணத்துக்காக 2019 இல் ஐகோர்ட்டில் தானே வாதாடித்தான் ஒரு மாத விடுப்புப் பெற்றார். வாதாடத் தெரியாத தாய் என்ன செய்வாள்?

இன்னொரு முடிச்சும் உண்டு. பத்திரத்தில் விட வேண்டுமானால், குற்றவாளிக்கோ பிணை நிற்பவருக்கோ நிலையான இருப்பிடமோ ஒழுங்கான தொழிலோ இருக்க வேண்டும் என்கிறது சட்டம். ஒரகடத்தில் ஓர் அறையில் பத்துப் பேராய்ப் படுத்து, காண்ட்ராக்டில் வேலை செய்யும் வாலிபனுக்கு நிலையான இருப்பிடம் எது? ஊர்விட்டு ஊர் போய் அறுப்பு அறுக்கும் கூலிக்கு ஒழுங்கான தொழில் எது? நிலையற்ற வேலையைக் கொடுத்தவன் முதலாளி, தண்டனை தொழிலாளிக்கா?

ஆகவே தோழர்களே, நம் பையன் ஒருவன் கோர்ட்டில் நின்றால் சங்கம் உடனே போக வேண்டும். வீடும் தொழிலும் உள்ளவர்கள் பிணைக்கு முன்வர வேண்டும். அலுவலர் விசாரிக்க வந்தால் கதவைச் சாத்தாதீர்கள். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். 1987 ஆம் ஆண்டின் சட்டப்படி ஆலைத் தொழிலாளிக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும், பெண்களுக்கும், காவலில் இருப்போருக்கும் இலவச வக்கீல் உண்டு. கேட்டு வாங்குங்கள்!

சட்டம் ஏட்டில் கிடந்தால் போதாது. சங்கம் கையில் எடுத்தால்தான் அது ஏழையின் வாசலுக்கு வரும்.