கேட்கும் செவி



சங்க அகப்பாடல்களில் வெறியாட்டு என்னும் துறை உண்டு. மகளின் உடல் மெலிகிறது. மேனி நிறம் மாறுகிறது. அன்னை இம்மாற்றத்தைக் காணாதவள் அல்லள். கண்டு அஞ்சி, முருகனால் வந்த நோய் எனக் கருதி வேலனை அழைக்கிறாள், வெறியாடல் நிகழ்கிறது. மகளின் துயருக்கு உண்மைக் காரணம் அறிந்தவளோ தோழி. அன்னையின் அன்பில் குறையில்லை. அணுகிய முறையிலேதான் குறை.

இன்றும் பல இல்லங்களில் இந்நிலையே. 10 முதல் 19 வயதுடையோருள் எழுவரில் ஒருவர்க்கு உளநலக் குறைபாடு உண்டென்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் மதிப்பீடு. கதவடைத்த தனிமைக்கும் திடீர்ச் சினத்திற்கும் வீட்டார் இடும் பெயர்கள் திமிர், சோம்பல், கண்ணேறு என்பன. பெயர் பிழைத்தால் மருந்தும் பிழைக்கும்.

2000ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் பெட்டி கிச்சனர் என்னும் செவிலியரும், அவர்தம் கணவரும் ஆய்வறிஞருமான அந்தோணி ஜோர்மும் 'உளநல முதலுதவி'ப் பயிற்சியைத் தொடங்கினர். கிச்சனர் இளமையிலேயே மனச்சோர்வின் கொடுமையை அறிந்தவர். பின்னர், வளரிளம் பருவத்தினரோடு பழகும் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் எனத் தனிப் பாடத்திட்டம் உருவாயிற்று. அது எவரையும் மருத்துவராக்குவதன்று. அணுகி இடர் உண்டா என அறிதல், குறைகூறாது கேட்டல், ஆதரவும் உரிய செய்தியும் தருதல், மருத்துவ உதவியை நாடச் செய்தல், சுற்றத்தின் துணையைச் சேர்த்தல் என்பனவே அதன் படிகள்.

இவற்றுள் கேட்டலே அரிது. பிள்ளை வாய்திறந்த மறுகணமே அறிவுரை பொழிவது பெரியோர் இயல்பு. அதனை அடக்கவே பயிற்சி தேவைப்படுகிறது. இன்னோர் அச்சமும் நீங்க வேண்டும். 'சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?' என நேராகக் கேட்பது அவ்வெண்ணத்தை விதைத்துவிடாது என்பதே ஆய்வுகள் காட்டும் முடிவு. 'ஆம்' என விடை வரின், பிள்ளையைத் தனியே விடாது உடனிருந்து மருத்துவரிடம் சேர்த்தல் வேண்டும். 2022 முதல் நடுவண் அரசின் டெலி மானஸ் சேவை 14416 என்னும் எண்ணில் தமிழிலும் செவிமடுக்கிறது.

அகமரபில் அறத்தொடு நிற்றல் என்பதும் உண்டு. தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும் உரைக்க, மறைந்திருந்த துயர் வெளிப்பட்டுத் தீர்வு காண்கிறது. ஒவ்வொரு படியிலும் கேட்கும் செவி ஒன்று இருந்தமையே அதற்குக் காரணம். வீடுதோறும் பள்ளிதோறும் அத்தகைய ஒருவரையேனும் உருவாக்குதல் வேண்டும். ஆண்டுதோறும் கவியரங்கும் பட்டிமன்றமும் நடத்தும் இலக்கிய அமைப்புகள் இப்பயிற்சிக்கும் ஒரு நாள் ஒதுக்குமாயின், கற்ற அகம் வாழ்வுக்குப் பயன்பட்டதாகும்.