நாலு பேய், ஒரே டிக்கெட்



2004ஆம் ஆண்டில் மலேசியத் திரையரங்குகளுக்குப் பேய்கள் திரும்பி வந்தன. ஷுஹாய்மி பாபா இயக்கிய 'பொந்தியானாக் ஹாரும் சுண்டால் மாலாம்' அந்த ஆண்டுதான் வெளியானது. உள்ளூர்ப் பேய்ப்படம் நெடுநாள் அரிதாகிக் கிடந்த நாட்டில் அது பெரிய பேச்சு. அதே ஆண்டில் இன்னொரு படமும் வந்தது. 'விசிட்ஸ்: ஹங்கிரி கோஸ்ட் அந்தாலஜி' என்று பெயர். நான்கு தனித்தனிக் கதைகள், நான்கு இயக்குநர்கள்: லோ ங்காய் யுவென், ஜேம்ஸ் லீ, இங் தியான் ஹான், ஹோ யுஹாங். கையில் பெரிய பணம் இல்லை.

சீனர்களின் ஏழாம் மாதத்தைச் சுற்றிய படம் அது. பசித்த ஆவிகள் வெளியே வந்து உலவும் என்று நம்பப்படும் மாதம். சாலையோரத்தில் காகிதப் பணம் எரியும். கச்சேரி மேடைக்கு எதிரே முன்வரிசை நாற்காலிகளைக் காலியாக விட்டிருப்பார்கள். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சாம்பலை மிதிக்காதே என்று நம் அம்மாக்களும் கண்டித்துத்தான் வளர்த்தார்கள். பேய் விஷயத்தில் மட்டும் இந்த நாட்டில் யாரும் இனம் பார்ப்பதில்லை.

அந்த நான்கில் ஹோ யுஹாங்கின் கதையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கண்காணிப்புக் கேமராக்கள் எதைப் பார்க்கின்றனவோ, அதைத்தான் நாமும் பார்க்கிறோம். மங்கலான படம், அசையாத கோணம், ஆளில்லாத நடைவழி. வேறொரு படத்தில் இதைப் பார்த்தால், 'நல்ல கேமராவுக்குக் காசில்லை போலிருக்கிறது' என்று நினைத்திருப்போம். இங்கே அந்த மங்கலே கதையாகிவிட்டது. இருப்பதை வைத்துச் சமாளிப்பது வேறு, இருப்பதுதான் வேண்டும் என்று ஆக்கிக்கொள்வது வேறு. சிறு முதலீட்டுப் பேய்ப்படங்களில் நல்லதையும் கெட்டதையும் பிரிக்கும் கோடு பெரும்பாலும் இங்கேதான் விழுகிறது.

இப்படிப் பல கதைகளைக் கோத்த தொகுப்புப் படத்தில் பண விஷயத்திலும் ஒரு வசதி உண்டு. இங்கிலாந்தில் 'ஆமிகஸ்' என்றொரு நிறுவனம் 1960களிலும் 70களிலும் இப்படிப்பட்ட படங்களை வரிசையாக எடுத்துத் தள்ளியது. பீட்டர் குஷிங் போன்ற பெரிய நடிகர்கள் அவற்றில் வருவார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கதைதான் என்பதால் சில நாள் கால்ஷீட் போதும், சம்பளமும் கட்டுப்படியாகும். நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் படம் எடுக்கும் இளைஞர்களுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும். நடிப்பவருக்குப் பகலில் அலுவலகம், ஒளிப்பதிவாளருக்குக் கல்யாண வீடு, இயக்குநருக்குக் கார்த் தவணை. எல்லாரும் ஒன்றுசேர்வது சனி, ஞாயிறில்தான். இரண்டு மணி நேரப் படத்தை அப்படி முடிக்க வருடம் ஓடிவிடும். இருபது நிமிடக் கதையை முடித்துவிடலாம்.

பணத்தைவிடப் பெரிய லாபம் ஒன்று இருக்கிறது. தமிழ்ப் பேய்ப்படம் என்றாலே நமக்கு ஓர் அச்சு மனத்தில் பதிந்திருக்கிறது. 2005இல் 'சந்திரமுகி', 2007இல் 'முனி', 2014இல் 'அரண்மனை' என்று அந்த வரிசை நீள்கிறது. முதல் பாதியில் சிரிப்பு, இடையில் பாட்டு, பிற்பாதியில் பேய் யார், யார் அதைக் கொன்றார்கள் என்று ஒரு நீண்ட பிளாஷ்பேக். பிளாஷ்பேக் தொடங்கியதுமே பயம் போய்விடும், பேய்மேல் பரிதாபம் வந்துவிடும். பரிதாபமும் நல்ல உணர்ச்சிதான், ஆனால் அதற்காக யாரும் விளக்கைப் போட்டுக்கொண்டு தூங்குவதில்லை. இருபது நிமிடக் கதையில் பிளாஷ்பேக்குக்கு இடம் இல்லை. அது பெரிய விடுதலை.

நம் தோட்டங்களில் சொல்லப்பட்ட பேய்க்கதைகளுக்கும் பிளாஷ்பேக் கிடையாது, கவனித்திருக்கிறீர்களா? விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்வெட்டப் போனவர், மூன்றாவது நிரையில் யாரோ தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது கேட்டுத் திரும்பினார். அவ்வளவுதான். மறுநாள் காய்ச்சல். பிறகு முனீஸ்வரர் கோயிலில் சுருட்டும் சேவலும். கூப்பிட்டது யார் என்று கதை சொல்லும் பாட்டியும் சொல்லமாட்டார், கேட்கும் பிள்ளையும் கேட்காது. லயத்து வாசலில் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் கதை இது. அது முடிவதற்குள் அடுத்த வீட்டுக்காரர், 'இதென்ன, எங்க தோட்டத்துல...' என்று தொடங்கிவிடுவார். தொகுப்பு நம் மரபில் ஏற்கெனவே இருந்தது, கேமராதான் இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, மக்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்த பிறகு அந்தக் கதைகளுக்குச் சரியான பாத்திரம் இன்னும் கிடைக்கவில்லை என்பதே என் எண்ணம்.

இத்தனை நன்மை இருந்தும் இந்த வகைப் படங்கள் ஏன் அடிக்கடி சறுக்குகின்றன? முடிவுதான் காரணம். ஒரு படத்துக்கு ஒரு நல்ல முடிவு கண்டுபிடிப்பதே பெரும்பாடு. நான்கு கதை என்றால் நான்கு முடிவு வேண்டும். இரண்டு சரியாக அமைந்து இரண்டு சொதப்பினால், வெளியே வரும் ரசிகர் சொதப்பிய இரண்டைத்தான் பேசிக்கொண்டு போவார்.

2018இல் தமிழகத்தில் '6 அத்தியாயம்' என்றொரு படம் வந்தது. கேபிள் சங்கர், அஜயன் பாலா உள்ளிட்ட ஆறு இயக்குநர்கள், ஆறு அமானுஷ்யக் கதைகள். அதில் ஒரு துணிச்சலான ஏற்பாடு செய்திருந்தார்கள். ஒவ்வொரு கதையையும் உச்சக்கட்டத்துக்கு முன்பே நிறுத்திவிட்டு, ஆறு முடிவுகளையும் படத்தின் கடைசியில் வரிசையாகக் காட்டினார்கள். யோசனையைப் பாராட்டுகிறேன், ஆனால் என்னால் அதை ஏற்க முடியவில்லை. பயம் என்பது அந்த நேரத்துச் சூட்டில் குடிக்க வேண்டியது. ஆறிப்போன தே தாரிக்கை மறுபடி அடுப்பில் வைத்துக் கொடுத்தால் யார் குடிப்பார்கள்? எந்தக் கதையில் யார் எங்கே நின்றார் என்று நினைவுபடுத்திக்கொள்வதற்குள் திடுக்கிட வேண்டிய இடம் கடந்துபோகிறது.

கதைகளைக் கோத்துக்கட்டுவதில் இன்னொரு வகைச் சிக்கலும் உண்டு. 1945இல் வந்த 'டெட் ஆஃப் நைட்' என்ற ஆங்கிலப் படம் இன்றைக்கும் இந்த வகையின் மூத்த பிள்ளை. ஒரு கிராமத்து வீட்டுக்கு ஒருவர் வருகிறார். அந்த வீட்டையும் அங்கிருப்பவர்களையும் தன் கனவில் ஏற்கெனவே பார்த்திருப்பதாகச் சொல்கிறார். உட்கார்ந்திருப்பவர்கள் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். கடைசியில், கதைகளைச் சுற்றி நிற்கும் அந்தச் சுற்றுக்கதையே எல்லாவற்றையும் விழுங்கிவிடும். அமெரிக்காவில் வெளியிட்டபோது நீளத்தைக் குறைக்க இரண்டு கதைகளை வெட்டினார்கள். அவற்றில் ஒன்று கோல்ஃப் ஆடும் நண்பர்களைப் பற்றிய வேடிக்கைக் கதை, படத்திலேயே பலவீனமானது என்று பெயர் வாங்கியது. வெட்டியதால் படம் மேம்பட்டதா? இல்லை. வெட்டுப்பட்ட கதைக்காரர்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், எதற்கு வந்தார்கள் என்று தெரியவில்லை. நல்ல சுற்றுக்கதை அமைந்த படத்தில் மோசமான பகுதியைக்கூடச் சுலபமாக எடுத்தெறிய முடியாது. சுற்றுக்கதை இல்லாத படத்திலோ எதை எடுத்தாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. இப்போது வரும் பல படங்கள் இரண்டாவது வகை. நான்கு நண்பர்கள் தனித்தனியே எடுத்து வைத்திருந்த குறும்படங்களை ஒரே தலைப்பில் ஒட்டி அனுப்பிவிடுகிறார்கள்.

படப்பிடிப்புக்குச் செலவில்லாத இடம் தேடுவதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. உலு கிள்ளானில் ஹைலேண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம் 1993 டிசம்பர் 11 அன்று சரிந்து 48 பேர் இறந்தார்கள். எஞ்சிய கட்டடங்கள் பாழடைந்து நின்றன. பேய் தேடுகிறோம் என்று இளைஞர்கள் அங்கே போகத் தொடங்கினார்கள். 2013இல் அந்தப் பெயரிலேயே ஒரு மலாய்ப் பேய்ப்படமும் வெளிவந்தது. இறந்தவர்களின் பெற்றோரும் பிள்ளைகளும் இதே பள்ளத்தாக்கில் நம்மோடு வாழ்கிறார்கள். கற்பனைப் பேய்க்கு அந்த முகவரி எதற்கு? ஒரு சாதாரண மின்தூக்கி போதும்.

தாய்லாந்தில் 2008இல் எடுத்த '4பியா' தொகுப்பின் முதல் கதையைப் பாருங்கள். காலில் கட்டுப்போட்ட ஒரு பெண், ஓர் அறை, ஒரு கைப்பேசி. அறிமுகமில்லாத யாரோ குறுஞ்செய்தி அனுப்புகிறார். பேச்சே இல்லை என்று சொல்லலாம். செய்தி வரும் அந்த 'டிங்' ஒலிக்கே பார்ப்பவர் நடுங்கிவிடுவார். படம் எடுக்கும் தம்பி தங்கைகளுக்கு வானொலிக்காரனாக ஒன்று சொல்ல உரிமை எடுத்துக்கொள்கிறேன். முகப்பூச்சுக்கு ஒதுக்கும் வெள்ளியில் பாதியை ஒலிப்பதிவுக்குக் கொடுங்கள். பேயின் முகம் சரியாக அமையாவிட்டால் இருட்டில் மறைத்துவிடலாம். காதில் விழும் இரைச்சலை எங்கே மறைப்பீர்கள்? எதற்கெடுத்தாலும் 'டமார்' என்று ஒலிக்கும் வாடகை இசையையும் கொஞ்சம் ஓய்வெடுக்க விடுங்கள்.

சுற்றுக்கதைக்கு என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது, இலவசம். ஆமிகஸ் 1965இல் எடுத்த முதல் தொகுப்பில் ஐந்து பேர் ரயில் பெட்டியில் உட்கார்ந்திருப்பார்கள், ஆறாவதாக ஏறும் ஆள் சீட்டு வைத்து ஒவ்வொருவருக்கும் குறி சொல்வார். நமக்கு கே.எல். சென்ட்ரலிலிருந்து கிள்ளானுக்குப் போகும் கடைசி கொமுட்டர் இருக்கிறது. பெட்டாலிங்கில் ஏறுபவர் ஒரு கதை, பத்து தீகாவில் ஏறுபவர் ஒன்று, பாடாங் ஜாவாவில் ஏறும் பாட்டி தோட்டத்துக் கதை. வண்டி கிள்ளானில் நிற்கும்போது எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்பதை இயக்குநர் முடிவு செய்யட்டும். வழியில் எங்கள் வானொலி இருக்கும் அங்காசாபுரி நிலையமும் வரும். அங்கே யாரையும் ஏற்றவேண்டாம், இரவுப் பணிக்காரர்கள் கதை சொல்ல ஆரம்பித்தால் படம் மூன்று மணி நேரம் ஓடும். ரயிலில் படம் பிடிக்க அனுமதி வாங்குவதை மட்டும் தயாரிப்பாளர் பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்குத்தான் உண்மையிலேயே பணம் தேவைப்படும்.