படத்தோடு இடமும் பதிவாக வேண்டும்

(உழவர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



விருதுநகர் மாவட்டத்துக் கரிசல் நிலத்தில் மானாவாரியாக மக்காச்சோளம் பயிரிடுகின்ற உங்களுக்குக் காட்டுப்பன்றியைப் பற்றி நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கதிர் பால் பிடிக்கின்ற நேரம் பார்த்துக் கூட்டமாக இறங்கும். தின்பது கொஞ்சம், சாய்த்து மிதிப்பது அதிகம். வத்திராயிருப்பு, ராஜபாளையம் என்று மலையடிவாரத்தோடு இத்தொல்லை நிற்பதில்லை. திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கத்திலும் கண்மாய்களில் மண்டிய சீமைக்கருவேலம் பன்றிக்குப் பகல் நேரப் புகலிடமாகி விட்டது.

2025 நவம்பர் 18ஆம் நாள் மத்திய வேளாண் அமைச்சகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பிரதம மந்திரி பயிர் காப்பீட்டுத் திட்டத்தில் 2026 காரீப் பருவம் முதல் வன விலங்குகளால் நேரும் சேதமும் தனித்த நிலத்தின் இழப்பாகச் சேர்க்கப்படும் என்பது அதன் சாரம். எந்தெந்த விலங்கு, எந்தெந்தப் பகுதி என்பதை மாநில அரசு அறிவிக்க வேண்டும். உங்கள் பயிரும் வட்டாரமும் அதில் அடங்குமா என்பதை விதைப்பதற்கு முன்பே வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள். நிபந்தனை ஒன்று உண்டு. சேதம் நேர்ந்த 72 மணி நேரத்திற்குள், இருப்பிடம் பதிந்த புகைப்படத்துடன், பயிர் காப்பீட்டுச் செயலியில் தெரிவித்தாக வேண்டும்.

இருப்பிடம் பதிந்த புகைப்படம் என்றால் என்ன? சாய்ந்த மக்காச்சோளத்தைச் சாதாரணமாகப் படம் எடுத்தால், அது உங்கள் புஞ்சையா, பக்கத்து ஊர்ப் புஞ்சையா என்று பார்ப்பவருக்குத் தெரியாது. படம் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை ஆகியவையும், எடுத்த நாளும் நேரமும் படத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தால் தெரிந்து விடும். சிவகாசி நகரம் வடக்கே 9.45 டிகிரி, கிழக்கே 77.80 டிகிரி என்ற அளவில் உள்ளது. ஒரு டிகிரி ஏறத்தாழ 111 கிலோமீட்டர். எனவே புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் இருந்தால் ஊர் தெரியும், நான்கு இருந்தால் புஞ்சை தெரியும், ஐந்தாம் இலக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டரைக் குறிக்கும்.

இதைக் கணக்கிடுவது ஜி.பி.எஸ். என்னும் ஏற்பாடு. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் சமிக்ஞை கிடைத்தால் கருவி தன் இடத்தை அறிந்து கொள்ளும். 2000ஆம் ஆண்டு மே மாதம் வரை பொதுமக்களுக்குக் கிடைத்த கணக்கில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே 100 மீட்டர் வரை பிழை கலந்து வைத்திருந்தது. அது நீங்கிய பிறகுதான் சிறு விவசாயிக்கு இதனால் பயன் ஏற்பட்டது.

தீப்பெட்டி அளவில் இதற்கென்றே ஒரு சிறு பதிவுக் கருவி உண்டு. நாம் நடக்கின்ற வழியைச் சில நொடிக்கு ஒரு முறை குறித்துக்கொண்டே வரும். சாதாரணக் காமிராவில் எடுத்த படங்களின் நேரத்தை இக்கருவியின் நேரத்தோடு பொருத்தினால், எந்தப் படம் எங்கே எடுத்தது என்று கிடைக்கும். காமிராக் கடிகாரம் பத்து நிமிடம் பிந்தியிருந்தால் படம் வேறொருவர் நிலத்தில் போய் விழும். டிராக்டர், அறுவடை இயந்திரம் வாடகைக்கு விடுவோர், வண்டி எங்கெங்கே எத்தனை நடை போயிற்று என்று பார்க்க இதை வைத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் இதற்குப் பணம் செலவிட வேண்டியதில்லை என்பது என் கருத்து. கைபேசியே இரண்டு வேலையையும் செய்து விடும்.

படம் எடுக்கும் முறையைக் கவனியுங்கள். கைபேசியில் இருப்பிட வசதியைத் திறந்து வையுங்கள். காமிரா அமைப்பிலும் அதற்கு அனுமதி இருக்க வேண்டும். ரோட்டில் நின்று எடுக்காமல் புஞ்சைக்குள் இறங்கி, மரத்தடியை விட்டு விலகி, வானம் தெரிகின்ற இடத்தில் ஒரு நிமிடம் பொறுத்து எடுங்கள். கிணறு, மோட்டார் அறை, ஒற்றைப் பனை போன்று அசையாத அடையாளம் ஒன்று தெரியும்படி தூரத்திலிருந்து ஒரு படமும், சேதப் பரப்பை ஒரு படமும், குளம்புத் தடத்தைக் கிட்டத்தில் ஒரு படமும் வேண்டும். டவர் கிடைக்காவிட்டாலும் இருப்பிடம் பதிவாகும். வீட்டுக்கு வந்த பிறகு அனுப்பலாம். ஆனால் வெளியூரில் இருக்கும் மகனுக்கு வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால், உள்ளே எழுதிய இருப்பிடம் வழியிலேயே அழிந்து விடும். டாக்குமெண்ட் என்ற வழியில் அனுப்பினால் தங்கும்.

சிவகாசி, வெம்பக்கோட்டை, சாத்தூர் பகுதியினருக்கு ஒரு சொல். உங்களில் பலர் வீட்டில் பட்டாசு ஆலை வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. ஆலைக்குள் கைபேசிக்கு இடமில்லை, இருக்கவும் கூடாது. விடியற்காலையில் வேன் வந்து விடுகின்றது. பன்றி இறங்கியதை முதலில் பார்க்கின்றவர் ஒருவர், கைபேசி வைத்திருப்பவர் வேறொருவர் என்றால் மூன்று நாள் கண்மூடித் திறப்பதற்குள் ஓடிப் போகும். ஆகவே வீட்டுப் பெண்கள் உட்பட எல்லோரும் இதைப் பழகிக்கொள்ளுங்கள். ஆத்திரத்தில் தீனிக்குள் வெடி மறைத்து வைப்போர் உண்டு. அது குற்றம் மட்டுமன்று. உங்கள் மாடே அதைக் கடித்து விடலாம்.

இடத்தின் கணக்கு இன்னொன்றுக்கும் தேவைப்படுகின்றது. 2025 ஜனவரியில் தமிழக அரசு எடுத்த முடிவின்படி, காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் காட்டுப்பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடுவது. அதற்கு அப்பால் வனத்துறையினரே சுடலாம். மனுவில் புஞ்சையின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் குறித்தால் தூரம் பற்றிய பேச்சுக்கே இடமிராது.

ஆனால் வரப்பைச் சுற்றி நடந்து பரப்பைக் கைபேசியில் அளந்து, அதை வைத்துப் பங்காளியோடு வழக்குக்குப் போகாதீர்கள். சதுரமான ஒரு ஏக்கரின் பக்கம் சுமார் 208 அடி, அதாவது 64 மீட்டர்கூட இல்லை. பக்கத்துக்கு 3 மீட்டர் கூடிப் போனால் 10 சென்ட் வரை மிகுதியாகக் காட்டும். எல்லைத் தகராறுக்கு சர்வேயர்தான் வர வேண்டும்.

முடிவாக, இரண்டு மூன்று துண்டாக நிலம் வைத்திருப்போர் காப்பீட்டு ரசீதை எடுத்துப் பாருங்கள். பிரீமியம் கட்டிய சர்வே எண், உட்பிரிவும், நீங்கள் நின்று படம் எடுத்த துண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஓடைக்கு வடக்கே கட்டிவிட்டுத் தெற்கே படம் எடுத்தால், அந்தப் படமே உங்களுக்கு எதிர்ச்சாட்சியாகி விடும். செயலி சரியாக வேலை செய்யாவிட்டால் 14447 என்ற எண்ணுக்குப் பேசிப் புகாரைப் பதிவு செய்யலாம். அவர்கள் தரும் பதிவு எண்ணை ரசீதின் பின்புறமே எழுதி வையுங்கள்.