வாலப்பகடையின் மகள்கள்
(வாசகர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

கதைப்பின்னல் பத்திப் பேசச் சொன்னீங்க. பாடப்புத்தக இலக்கணம் எனக்கு வராது. பாபநாசம் மலையடிவாரத்து முத்துப்பட்டன் கதையை வில்லுப்பாட்டில் விடிய விடியக் கேட்டு வளர்ந்தவன் நான். அதை வைத்தே பேசுகிறேன்.

பார்ப்பனனான முத்துப்பட்டன், அருந்ததியரான வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்காவைப் பெண் கேட்கிறான். இதுதான் முடிச்சு. எப்பவும் நாமதான் அவாள் வாசலில் நிற்போம். இங்கே அவன் நம்ம வாசலில் நிற்கிறான். வாலப்பகடை உடனே தலையாட்டவில்லை. பூணூலை அறு, குடுமியை எடு, தோல் தைச்சுப் பழகிக்கிட்டு வா என்கிறான். பட்டன் செய்கிறான். கல்யாணம் முடிந்த கையோடு மாமனார் மாட்டைக் களவாட வந்தவர்களோடு மோதிச் சாகிறான். பெண்கள் இருவரும் தீயில் இறங்குகிறார்கள்.

இந்தக் கதைக்கு ஒரு தலை ஒட்டியிருக்கு. அந்தப் பெண்கள் பார்ப்பனர் பெற்ற பிள்ளைகளாம், காட்டில் கிடந்ததை வாலப்பகடை எடுத்து வளர்த்தானாம். பிற்காலத்தில் செருகிய சரக்கு இது என்பதை நா. வானமாமலை எடுத்துக்காட்டியிருக்கிறார். அவர் பதிப்பித்த கதை 1971ல் வெளிவந்தது.

செருகியவன் கெட்டிக்காரன். நடுவில் எதையும் தொட வேண்டியதில்லை. முடிச்சு விழுமுன்னே அவிழ்ந்துபோச்சு. பார்ப்பான் பார்ப்பாத்தியைத்தானே கட்டினான், யாருக்கு என்ன நட்டம்? பட்டன் பூணூல் அறுத்தது வீண். வாலப்பகடை தகப்பன் இல்லை, வெறும் வளர்ப்புக்காரன்.

மதுரைவீரனுக்கும் இதே வைத்தியம்தான்: காசி ராசா மகன், நம்ம வீட்டில் வளர்ந்தவன். 1956ல் வந்த படத்திலும் அப்படித்தான். நந்தனுக்குப் பிறப்பில் கை வைக்கவில்லை. கடைசியில் தீயில் இறக்கிப் பூணூலோடு எழுப்பினார் சேக்கிழார். தலையில் இல்லாவிட்டால் வாலில்.

ஆனா ஒண்ணு. கொடையில் அந்தப் பிறப்புப் பகுதி பாடும்போது பாதிப்பேர் டீ குடிக்கப் போயிருவாங்க. சாமி இறங்குறது பட்டன் சாகிற கட்டத்தில்தான். சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனுக்கு இன்னைக்கும் காணிக்கை தோல்செருப்பு. எங்க ஆச்சி சொல்லும்: "எலே, அவ பாப்பாத்தின்னா அங்க செருப்பு எதுக்குல தொங்குது?"

போன கொடைக்கு அண்ணாவியிடம் அந்தப் பகுதியை விட்டுட்டுப் பாடுங்கன்னு கேட்டோம். "மத்த ஊர்ல விடமாட்டாங்களே தம்பி"ன்னார். எங்க தெருவிலயாவது பாடுங்கன்னோம். கொஞ்ச நேரம் வில்லைப் பார்த்துக்கிட்டே இருந்தார். அப்புறம் வாலப்பகடை வீட்டு வாசலிலிருந்து ஆரம்பித்தார்.